கள் என்ற சொல் களவிலிருந்து வந்ததா?

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "பள்ளியில் எங்களுக்குத் தமிழ் எடுத்தவர், ஒளித்துக் குடிப்பதால்தான் அதற்குக் கள் என்று பெயர், கள், களவு, கள்ளன் எல்லாம் ஒரே வேர் என்பார். ஆனால் எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தால் ரோட்டோரத்தில் பலகை மாட்டி விற்கிறார்கள். எது சரி? தேறல், மது, சாராயம், பட்டை இவற்றுக்கெல்லாம் என்ன பொருள்? பலகையில் 'கள்ளு' என்று எழுதுவது பிழையா?"

நான் அந்தக் கொழிஞ்சாம்பாறைக்காரன்தான். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். வீட்டில் தமிழ், கச்சேரியில் (அரசு அலுவலகத்தில்) மலையாளம், கடைவீதியில் இரண்டும். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நான் குடிப்பவனா என்று கேட்காதீர்கள், கேள்வி சொல்லைப் பற்றியது.

முதல் கேள்விக்குப் பதில்: களவிலிருந்து வரவில்லை. அந்த விளக்கம் கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

தமிழில் 'கள்' என்ற ஒலிக்கு மூன்று சொற்கள் உண்டு. ஒன்று பன்மை காட்டும் விகுதி: மரங்கள், வீடுகள். இது தொல்காப்பியத்திலேயே பேசப்படுகிறது. இரண்டாவது, திருடு என்று பொருள்படும் வினை: களவு, கள்வன், கள்ளன் இதிலிருந்து வந்தவை. மூன்றாவது, குடிக்கிற கள். ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு என்று சொல்லிவிட முடியாது. ஏறுகிற படியும், அளக்கிற படியும், 'படி' என்று பிள்ளையை அதட்டுகிற படியும் ஒரே வேர் என்று யாரும் சாதிப்பதில்லையே.

இந்தப் பிரிவுக்குச் சாட்சி வேண்டுமென்றால் திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். 29-ஆம் அதிகாரம் கள்ளாமை, 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. முதலாவதில் கள் வினை. அதனால் நேராக 'ஆமை' ஒட்டிக்கொண்டு, திருடாமை என்ற பொருளைத் தந்துவிடுகிறது. இரண்டாவதில் கள் ஒரு பொருளின் பெயர். பெயரோடு அப்படி ஒட்ட முடியாது, நடுவில் 'உண்' என்ற வினை வந்தாக வேண்டும். எழுதியவருக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் நமக்குத்தான். (அந்தக் காலத்தில் கள்ளை 'உண்டார்கள்' என்பதையும் கவனியுங்கள். 'குடி' என்ற வினை இதைத் தனக்கென்று பிடித்துக்கொண்டது பிறகு.)

சரி, களவு இல்லையென்றால் எது சொந்தம்? களி. களிப்பு, களித்தல், களியாட்டம் என்று இன்று நாம் மகிழ்ச்சிக்குச் சொல்கிறோமே, அந்தக் களி. இன்றைக்கு அது குற்றமில்லாத சொல்லாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடலாம். குறளில் அப்படி இல்லை. 'களித்தானைக் காரணம் காட்டுதல்' என்று 929-ஆம் குறள் தொடங்குகிறது. அங்கே களித்தான் என்றால் குடித்து வெறியில் இருப்பவன். அவனிடம் நியாயம் பேசுவது, தண்ணீருக்குள் மூழ்கிப் போனவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போல என்கிறார். 1281-ல் இன்னும் தெளிவு: 'உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கு இல், காமத்திற்கு உண்டு.' நினைத்தாலே போதை, பார்த்தாலே மயக்கம் என்பது கள்ளுக்குக் கிடையாது, காதலுக்கு உண்டு என்று பொருள். களித்தல், மகிழ்தல், கள் மூன்றையும் ஒரே குறளில் நிறுத்தியிருக்கிறார். மகிழ்தலும் பழந்தமிழில் கள்ளோடு ஒட்டிய சொல்தான். குடித்து வரும் மயக்கத்துக்கு 'மகிழ்' என்றே பெயர் இருந்தது. ஆக, 'மகிழ்ச்சியும் களிப்பும் அடைகிறோம்' என்று மேடையில் சொல்கிறவர், பழைய கணக்கில் பார்த்தால், இரண்டு சுற்று முடித்துவிட்டார்.

அண்டை மொழிகளிலும் இதே சொல் இருக்கிறது. மலையாளத்தில் கள்ளு, கன்னடத்தில் கள்ளு, தெலுங்கில் கல்லு. ஒரே வேரிலிருந்து பிரிந்த சொல் என்பதில் மொழிநூலாருக்குச் சந்தேகம் இல்லை. 'களி' மட்டும் மலையாளத்தில் விளையாட்டாக மாறிவிட்டது. பந்து களி, கதகளி எல்லாம் அந்தக் களிதான். இடையில் திருவாதிரைக்குக் கிண்டும் களியைக் கொண்டுவந்து யாரும் சேர்த்துவிட வேண்டாம். அது குழைவைக் குறிக்கும் வேறு களி, களிமண்ணின் கூட்டாளி.

ஒளித்துக் குடிப்பது என்ற கதை நிற்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தச் சொல் வழங்கத் தொடங்கிய காலத்தில் யாரும் ஒளிக்கவில்லை. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு (235) இப்படித் தொடங்குகிறது: 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே.' கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால், நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். அரசன் சாவுக்கு அழும் பாட்டில் முதல் நினைவே அவனோடு பகிர்ந்த கள். அரசனும் புலவரும் சபையில் உட்கார்ந்து குடித்ததை எந்தக் களவுக் கணக்கில் எழுதுவது?

ஆனால் குறள் காலத்துக்கு வரும்போது காற்று மாறியிருக்கிறது. 927-ஆம் குறள் மறைவாகக் குடிப்பவனை ஊரார் கண்டுபிடித்துச் சிரிப்பதைச் சொல்கிறது. அடுத்த குறள், 'நான் குடித்ததே இல்லை' என்று சாதிப்பவனைப் பார்த்து அதை விட்டுவிடு என்கிறது. ஆகவே ஒளித்துக் குடிப்பதும் பழையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் அதைவிடப் பழையது.

மேலே 'சிறியகட்' என்று வந்ததல்லவா, அது கள் என்ற சொல்லின் புணர்ச்சி வடிவம். ளகர மெய்க்குப் பின் வல்லினம் வந்தால் டகரமாகத் திரியும். கள் + குடம் கட்குடம், கள் + குடியன் கட்குடியன். இன்னொரு அழகான சொல்லும் உண்டு: நாட்கள். 'நாட்கள் உண்டு நாள்மகிழ் மகிழின்' என்று வள்ளல் திருமுடிக்காரியைக் கபிலர் பாடுகிறார் (புறநானூறு 123). அங்கே நாட்கள் என்றால் பல தினங்கள் இல்லை. பொழுது விடிந்ததும் குடிக்கிற கள். காலைக் கள்ளை ஏற்றிக்கொண்டு அந்த வெறியில் தேரைத் தானம் கொடுப்பது யாருக்கும் எளிது, இவன் தெளிந்திருக்கும்போதே கொடுக்கிறான் என்பது பாட்டின் போக்கு.

'நாட்கள்' என்று எழுதாதே, 'நாள்கள்' என்று எழுது, இல்லாவிட்டால் கள்ளாகிவிடும் என்று இன்று சிலர் திருத்துவது இந்த இடத்தை வைத்துத்தான். 'வாழ்த்துக்கள்' என்று எழுதினால் வாழ்த்தோடு ஒரு கலயம் கள்ளும் சேர்த்து அனுப்புகிறாய் என்று கேலி செய்வார்கள். நானும் வகுப்பில் செய்திருக்கிறேன். பையன்களுக்கு விதி மறந்தாலும் கேலி நினைவில் நிற்கும். உண்மையில் பொங்கலுக்கு வாழ்த்துக்கள் என்று வந்த அட்டையைப் பார்த்து யாரும் கலயத்தைத் தேடுவதில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ள நமக்குத் தெரியும்.

மலையாளத்தில் இதே வேடிக்கை வேறு மாதிரி நடக்கும். கள்ளன் அங்கேயும் திருடன். கள்ளம் என்றால் பொய். அப்புறம் கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவில் சுடுவது கள்ளப்பம். முதன்முதலாகக் கேட்கிற தமிழர், இது போலி ஆப்பமோ என்று யோசிப்பார். பொள்ளாச்சியிலிருந்து பெண் பார்க்க வந்த எங்கள் உறவினர் ஒருவர், "நல்ல ஆப்பமே இல்லையா?" என்று கேட்டே விட்டார்.

பிறகு ஏன் உங்கள் ஆசிரியருக்குக் களவு விளக்கம் சரியாகப் பட்டது? எல்லையின் அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் சரியாகத்தான் படும். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கள்ளுக்கடை திறந்திருந்த காலத்தைவிட மூடியிருந்த காலமே அதிகம். 1970களின் தொடக்கத்தில் சில வருடம் திறந்தார்கள், மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள், 1987-ல் கள்ளைத் தடை செய்தார்கள். இன்றுவரை தடைதான். பனை மாநில மரம், பனங்கள் குற்றம். அப்படியிருக்க, தோப்புக்குள் போய், ஆள் பார்த்து, சத்தமில்லாமல் வாங்கிக் குடிக்கிற பொருளுக்குக் களவு என்ற வேர் பொருத்தமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. சட்டம் ஒரு சொல்லின் பூர்வீகத்தையே மாற்றிக் காட்டிவிடுகிறது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், எந்தச் சோதனைச் சாவடி வழியாக வந்தாலும் சரி, பத்து நிமிடத்தில் அதே சொல் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் தொங்கும். இங்கே யாருக்கும் களவு நினைவுக்கே வராது.

சித்தூர் வட்டத்துக்கு இந்தத் தொழிலில் ஒரு தனி இடம் உண்டு. (நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூர் பின்னால் வருகிறது.) கேரளத்தின் பல மாவட்டத்து ஷாப்புகளுக்கு (கள்ளுக்கடைகளுக்கு) இங்கிருந்துதான் தினமும் வண்டியில் கள் போகிறது. பெரும்பாலும் தென்னங்கள். எங்கள் தாத்தா காலத்தில் தோப்பில் நாற்பது மரத்தைக் கள்ளுக்குப் பாட்டம் (குத்தகை) விட்டிருந்தோம். விடிவதற்கு முன்பே பாளையைத் தட்டுகிற சத்தம் கேட்கும், டக் டக் என்று, எங்களுக்கு அதுதான் கோழி கூவுவது. விரியாத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, தினமும் தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வந்தால் சொட்ட ஆரம்பிக்கும். காலையும் மாலையும் ஏறி இறக்குவார்கள், நடுவில் சீவ மட்டும் ஒரு தடவை.

இந்தச் சீவுகிற வேலைக்கு மலையாளத்தில் 'செத்து' என்று பெயர். செய்கிறவர் செத்துக்காரர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் 'கள்ளுச் செத்துத் தொழிலாளி' என்று கேட்டதும் யாரோ செத்துவிட்டார் போல என்று முகம் மாறுவார்கள். ஆனால் செத்துதல், அதாவது செதுக்குதல், சீவுதல், தமிழ் அகராதியிலும் இருக்கிற சொல்தான். நாம் கைவிட்டதை மலையாளம் வைத்துக்கொண்டது. 1969-லேயே கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர்களுக்கு நலநிதிச் சட்டம் வந்துவிட்டது. தொழிலுக்கு மரியாதை இருக்கிற இடத்தில் அதன் சொற்களும் பிழைத்துக்கொள்ளும் என்பது என் எண்ணம். தெலுங்கில் இதே வேலைக்குக் 'கீத' என்பார்கள், கீறுவது. தமிழில் நாம் 'இறக்குவது' என்கிறோம். மலையாளிக்கும் தெலுங்கருக்கும் கத்தி கண்ணில் பட்டிருக்கிறது, நமக்குக் கலயம் கீழே வருவது.

இறக்கின கள்ளுக்குள்ளும் பெயர்கள் பிரியும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடித்தால் புளிக்காது, அது பதநீர். நாகர்கோவில் பக்கம் அக்கானி. உங்கள் பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கம் தெளுவு. சுண்ணாம்பு இல்லாத கலயம் என்றால், மரத்தில் இருக்கும்போதே புளிப்பு ஏறத் தொடங்கிவிடும். யாரும் எதுவும் கலக்க வேண்டாம், காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் நுண்ணுயிரே போதும். சில மணி நேரம் வரை இனிப்புக் கள், அப்புறம் மூத்த கள். மறுநாளைக்கு மேல் வைத்தால் காடி. சாயங்காலம் இறக்கியதற்கு மலையாளத்தில் அந்திக்கள்ளு என்று தனிப் பெயர். எங்கள் தோப்பில் ஏறிய பெரியவர் ஒருவரிடம் கபிலரின் நாட்கள்ளைப் பற்றி ஒருமுறை சொன்னேன். "காலையில இறக்கினது வேற, அந்தி வேற, மாஷே. இது தெரியாதவன் பாட்டு எழுதியிருக்க மாட்டான்" என்றார். (மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார்.) உரையாசிரியர் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பழந்தமிழில் கள் என்றால் மரத்துக் கள் மட்டும் இல்லை. புளிக்கவைத்த எதையும் கள் என்றார்கள். பூவில் ஊறும் தேனுக்கும் அந்தப் பெயர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்' வருகிறது, வீட்டில் காய்ச்சிய கள். அது அரிசியில் செய்தது, அதற்குத் தோப்பி என்று பெயர். அதே பாட்டில் இன்னோரிடத்தில் செய்முறையே இருக்கிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஊற்றி ஆறவைத்து, முளையடையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பது. இன்றைய பீர் காய்ச்சுபவர் படித்தால், முளைகட்டிய தானியம் எதற்கு என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.

இப்போது தேறலுக்கு வருகிறேன். தேறு என்றால் தெளிவது. 'தேறிவிட்டான்' என்று நோயாளியைப் பற்றியும் மாணவனைப் பற்றியும் சொல்கிறோமே, அதே வினை. கலங்கல் அடியில் இறங்க, மேலே நிற்கும் தெளிவு தேறல். அரி என்றால் வடிகட்டுவது, வடித்தது அரியல். பிழிந்தது பிழி. நறுமணம் உடையது நறவு, நறா. ஒவ்வொன்றும் அந்தப் பானத்துக்கு என்ன செய்தார்கள், அது எப்படி மணத்தது என்பதைச் சொல்கிறது. குடிப்பவனின் யோக்கியதையைச் சொல்லும் பெயர் ஒன்றுகூட இல்லை. யவனர் கப்பலில் கொண்டுவந்த திராட்சை மதுவுக்கும் இதே முறையில்தான் பெயர் வைத்தார்கள்: 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' (புறநானூறு 56). பிறநாட்டுச் சரக்கு, தமிழ்ப் பெயர். தெளிவாக இருந்தது, தேறல் என்றார்கள், முடிந்தது. உங்கள் வீட்டுத் தெளுவும் அதே வழியில் வந்த சொல்தான், தெளிவு வாயில் உருண்டு தெளுவாகியிருக்கிறது. தேறலை அகராதியில் தேடுகிறவர்கள் வெயில் காலத்தில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தித் தெளுவு குடிக்கிறார்கள்.

மது வடசொல். முதலில் அதற்கும் தேன் என்றே பொருள். இந்தச் சொல்லின் உறவினர்கள் ஐரோப்பா வரை உண்டு, ஆங்கிலத்தில் தேனைப் புளிக்கவைத்த பானத்துக்கு 'மீட்' என்பார்கள், அதுவும் இதுவும் ஒரே குடும்பம். கேரள அரசுக் காகிதங்களில் மதுவைவிட 'மத்யம்' அதிகம் வரும். இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். மத்யம் என்பது 'மத்' என்ற வேரிலிருந்து வந்தது, வெறி, மயக்கம் என்று பொருள். யானைக்குப் பிடிக்கிற மதமும் அதுதான். தமிழ்நாடு தேனை விலக்கியது, கேரளம் வெறியை விலக்கப் பார்த்தது என்று சொல்லிச் சிரிப்போம். 'அப்காரி' என்று இங்கே இன்றும் கலால் சட்டத்தில் வழங்கும் சொல் பாரசீகம். ஆப் என்றால் தண்ணீர், கார் என்றால் வேலை. தண்ணீர் வேலை!

அந்தத் தண்ணீர் விஷயம் சுவாரசியமானது. தமிழில் 'தண்ணியடிக்கிறான்'. மலையாளத்தில் 'வெள்ளமடி'. அங்கே வெள்ளம் என்றால் தண்ணீர், ஆக இரண்டும் ஒரே பேச்சு, அந்த 'அடி' உட்பட. ரஷ்யர்கள் தண்ணீர் என்ற சொல்லைச் செல்லமாகச் சுருக்கி வோட்கா என்றார்கள். விஸ்கி என்பதற்கு அதன் சொந்த மொழியில் 'உயிர்த் தண்ணீர்' என்று பொருள். குடிக்கிறவர்கள் எந்த ஊரிலும் வீட்டில் ஒரே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறார்கள் போல. ஆங்கிலத்தில் கள்ளுக்கு வழங்கும் 'டாடி' (toddy) மட்டும் இங்கிருந்து போனது. பனைக்கு வடக்கே தாட் என்று பெயர், பனங்கள் தாடி. ஆந்திரத்தில் இன்றும் பனை தாடிச் செட்டுதான்.

சாராயம் வேறு சாதி. கள் தானாகப் புளிப்பது, சாராயம் காய்ச்சி ஆவியை இறக்குவது. சங்கப் பாட்டில் இந்தச் சொல் கிடையாது. மலையாளத்தில் சாராயம், கன்னடத்தில் சாராயி, தெலுங்கில் சாரா. 'சாரம்' என்ற வடசொல்லோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம், நம் 'சாறு' என்பதோடு சேர்ப்பவர்களும் உண்டு. எனக்குச் சாரம் பொருத்தமாகப் படுகிறது. சாறு பிழிந்தால் வரும், இது பிழிந்து வருவதில்லை, கொதிக்க வைத்து உள்ளிருக்கிற சத்தை மட்டும் பிரித்து எடுப்பது. அராக் என்ற அரபுச் சொல்லும் அதே காட்சியிலிருந்து பிறந்ததுதான். அதற்கு வியர்வை என்று பொருள். பானையின் குளிர்ந்த பக்கத்தில் துளித்துளியாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு வேர்ப்பது போலத் தோன்றியிருக்கிறது. மலையாளத்தில் பழைய ஆட்கள் 'ராக்கு' என்பார்கள், அது இந்த அராக்தான்.

பட்டை என்பது பட்டைச் சாராயத்தின் சுருக்கம். வெல்லக் கரைசலோடு வெள்வேல மரப்பட்டையை ஊறவைத்துக் காய்ச்சுவதால் வந்த பெயர். அந்த ஊறவைத்ததற்குத் தமிழ்நாட்டில் ஊறல், கேரளத்தில் கோட. காய்ச்சுவதற்கு அங்கே 'வாற்று' என்று தனி வினை. எல்லையில் ஒரே காட்டுக்குள் இரண்டு மாநிலத்தார் சோதனைக்குப் போனால், மறுநாள் தமிழ்ப் பேப்பரில் 'ஊறல் அழிப்பு' என்றும் மலையாளப் பேப்பரில் 'கோட பிடித்தார்கள்' என்றும் வரும். பானை ஒன்றாகக்கூட இருக்கலாம்.

ஆந்திரப் பக்கம் சாரா என்ற சொல்லுக்கு வேறு ஒரு கனம் உண்டு. 1992-ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் கூடிச் சாராக் கடையை மூடவைத்தார்கள். அது ஊர் ஊராகப் பரவி, 1993 அக்டோபரில் மாநிலம் முழுக்கச் சாரா தடை செய்யப்பட்டது. அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது போராட்டம். ஆந்திரச் சித்தூரில் இருக்கும் என் மச்சினர் வீட்டில் வயதானவர்கள், 'கல்லு' என்றால் சிரிப்பார்கள், 'சாரா' என்றால் முகம் சுளிப்பார்கள். கேரளமும் 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்தை நிறுத்தியது, கள்ளை விட்டுவைத்தது. கர்நாடகம் 2007-ல் நிறுத்தியது. தமிழ்நாட்டில் இரண்டும் இல்லை, சீமைச் சரக்கு மட்டும் அரசாங்கமே விற்கிறது. இதில் எது நியாயம் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் தப்பித்தேன்.

கடைசிக் கேள்வி, பலகையில் 'கள்ளு' பிழையா? எழுத்துத் தமிழில் கள். பேச்சில் தனிக்குறிலை அடுத்த மெய்யில் முடியும் சொற்களுக்கு இரட்டித்து ஓர் உகரம் சேர்ப்போம்: பல் பல்லு, கல் கல்லு, முள் முள்ளு. அப்படித்தான் கள்ளு. கள்ளுக்கடை என்று எழுதினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கட்கடை என்று எழுதினால்தான் ஆள் வராது. மலையாளத்திலோ கடைசியில் அரைகுறையாக ஒலிக்கும் அந்த உகரம் சொல்லின் உறுப்பாகவே நின்றுவிட்டது.

சில வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஷாப்பில் மலையாளப் பலகைக்குக் கீழே தமிழிலும் எழுத ஆசைப்பட்டார்கள். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் அதிகம். நடத்துகிறவர் என்னிடம் படித்தவர், எழுத்துப் பிழை வந்தால் மாஷ் திட்டுவார் என்று பயந்து வீட்டுக்கே வந்து கேட்டார். கள் என்று எழுதிக்கொடுத்தேன். காகிதத்தைக் கொஞ்சநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாம் மாஷே. முன்னாடி என்னவோ அழிஞ்சு போச்சு, பன்மை மட்டும் மிச்சமிருக்குன்னு நினைப்பாங்க."

கள்ளு என்றே எழுதினார்கள்.